ஆறு மில்லிமீட்டர்

கள்ளக்குறிச்சியில் புளியும் கடுக்காயும் மொத்தமாக வாங்கி விற்பவர் ஷேக் மைதீன். வயது ஐம்பத்தெட்டு. சரக்கு வெள்ளிமலையிலிருந்து பொன்னுரங்கத்தின் ஜீப்பில் வரும். மலையில் என்ன எடை சொல்லி ஏற்றியிருந்தாலும், தன் கடைத் தராசில் மறுபடி வைக்காமல் அவர் பேச்சைத் தொடங்கமாட்டார்.

“எமன் வந்தாலும் எடை போட்டுட்டுதான் உள்ள வுடுவீங்க பாய்” என்பார் பொன்னுரங்கம்.

போன வருடம் இருமல் விடவில்லை என்று எடுத்த சி.டி. ஸ்கேனில் வேறொன்று தெரிந்தது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி, புறப்படும் இடத்திலேயே வீங்கியிருந்தது. ஐந்து சென்டிமீட்டர். ஐந்தரையை நெருங்கினாலோ வேகமாக வளர்ந்தாலோ நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயை மாற்ற வேண்டும், விட்டால் கிழிந்துவிடலாம். வலி இல்லை. அவரை அதிகம் பயமுறுத்தியது அதுதான். அவருடைய அண்ணனுக்கும் வலி இருந்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு என்று சொல்லி அடக்கம் செய்தார்கள்.

ஸ்கேன் வந்த நாளிலிருந்து ஷேக் மைதீன் மூட்டையைத் தொடவில்லை. தும்மல் வந்தால் தூணைப் பிடித்துக்கொண்டார். தொழுகையில் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும்போது உள்ளே ஏதோ நகர்வதுபோல இருந்தது; நாற்காலிக்கு மாறினார்.

இந்த வருட ஸ்கேனைச் சேலத்தில் எடுத்தார். ஐந்தரை என்று வந்தது. அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு, மனைவி காசிம் பீவியுடன் இதய அறுவை மருத்துவர் தேவதர்ஷினி முன் உட்கார்ந்தார்.

“டாக்டரம்மா, ரெண்டும் வேற வேற எடத்துல எடுத்தது. வேற வேற தராசு மாதிரி. நீங்களே ரெண்டையும் ஒரே கம்ப்யூட்டர்ல வச்சு அளங்க.”

“இங்கயும் வந்து புளி யாவாரமா?” என்றாள் காசிம் பீவி மெதுவாக.

மருத்துவர் சிரிக்கவில்லை. “நியாயமாத்தான் கேக்குறாரு. வெண்டைக்காயைச் சாய்வா நறுக்கினா வட்டம் பெருசா தெரியும்ல? சாய்வா அளந்திருந்தா ஜாஸ்தி காட்டும். நான் நேரா அளக்கிறேன்.”

பழைய படம்: நாலு புள்ளி எட்டு. குறைந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. புதியதை மருத்துவர் மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் ஐந்து புள்ளி நாலு.

“ஒரு வருஷத்துல ஆறு மில்லிமீட்டர். வேகமா வளருது. இந்த வாரமே அட்மிட் ஆயிடுங்க. கூடப் பொறந்தவங்களுக்கு இந்த மாதிரி?”

அண்ணனைப் பற்றிச் சொன்னார். மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார்.

“இது சில குடும்பத்துல வழிவழியா வரும். பிள்ளைங்க?”

“ஒரே பொண்ணு, பிர்தௌஸு. திருக்கோவிலூர்ல கட்டிக் குடுத்திருக்கோம்.”

“ஏழு மாசம்” என்றாள் காசிம் பீவி.

“கர்ப்பத்துல இந்தக் குழாய்க்குப் பாரம் ஜாஸ்தி. பொண்ணுக்கும் இதயத்துல எக்கோ ஸ்கேன் பாக்கணும்; அதனால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. இன்னைக்கே கிளம்பச் சொல்லுங்க.”

அறைக்கு வெளியே வந்து போன் போட்டார்.

“இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க?”

“துணி தோச்சிக்கினு இருக்கேன் அத்தா. இன்னா சொன்னாங்க?”

“குனியாத. அத அப்படியே வுட்டுட்டு மாப்பிள்ளைகிட்ட போன குடு.”

“அவரு மாடியில இருக்காரு. உங்களுக்கு எவ்ளோன்னு மொதல்ல சொல்லுங்க.”

“குடும்மா.”

அவள் எழுந்து நடப்பது கேட்டது. பிறகு படியேறத் தொடங்கினாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் அவளுக்கு மூச்சு வாங்குவதை அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.