கடைசி பெஞ்சில் எனக்கு ஓர் இடம்

மராட்டி பேசும் ஊரான ஆகுர்டியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்த பள்ளியில், ஒவ்வொரு டெஸ்டும் முடிந்ததும் மார்க் வரிசைப்படி உட்கார வைப்பார்கள். அந்த முறை எனக்கு முதல் இடம், முதல் பெஞ்ச். அதுவரை என் பக்கத்திலேயே இருந்த மராட்டித் தோழி சாயலி கணக்கில் ஃபெயில். அவளுக்குக் கடைசி பெஞ்ச்.

பெற்றோர் கூட்டத்தில் கணக்கு மேடம், "இவள் இனி நன்றாகப் படிப்பவர்களோடு மட்டும் பழகட்டும்" என்று இந்தியில் சொன்னார். கோயமுத்தூரிலிருந்து கார் கம்பெனி வேலைக்கு வந்த அப்பா தலையாட்டினார்.

"நாம பொழைக்க வந்த ஊரு கண்ணு. மேடம் சொல்றபடி கேளு."

எனக்குச் சுர்ரென்று வந்தது. சாயலி ஒவ்வொரு வரிக்கும் ஏன், எதற்கு என்று குடைவாள். அவளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நான் படித்தேன். தனியாகப் படித்திருந்தால் புத்தகத்தைத் திறந்தே இருக்க மாட்டேன்.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மேடம் முன்னால் வரச் சொன்னார். எழுந்து நின்றேன், நகரவில்லை.

"என் மார்க் குறைந்தால் முன்னால் வந்துவிடுகிறேன் மேடம்."

அடுத்த டெஸ்டில் சாயலி பாஸ். நான் மார்க் குறைந்து இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருந்தேன்.

"மொத எடம் போயிருச்சே கண்ணு" என்றார் அப்பா.

"சாயலி பாஸாயிட்டா. அதையும் எம் மார்க்கோட சேத்துக்கங்கப்பா" என்றேன்.

வகுப்பில் மேடம் முதல் பெஞ்சைக் கை காட்டினார். நான் கொடுத்த வாக்கு அவருக்கும் நினைவிருந்தது, எனக்கும் நினைவிருந்தது. பாஸானாலும் கடைசி பெஞ்சிலேயே இருந்த சாயலி நகர்ந்து இடம் விட்டாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

வாக்குத் தவறியதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.