கஞ்சிப்புரைக்குள் நின்ற புள்ளி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். சித்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மைதானத்துக்குக் கோடு போடுவது என் வேலை. இனி இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கபடிக் களமோ ஓட்டப் பாதையோ, முறை ஒன்றுதான். இரண்டு முனையிலும் ஆப்பு அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, அதன்மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவ வேண்டும்.

ஒருநாள் கணக்கு டீச்சர் கூப்பிட்டார். புதிதாக வந்தவர். கல்வி அதிகாரி வருகிறார், பிள்ளைகளையே புள்ளிகளாக நிறுத்தி மைதானத்தில் வரைபடம் காட்ட வேண்டும் என்றார். கழுத்து அட்டையில் உள்ள எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். நடுவிலிருந்து அட்டை எண் அளவு வலப்பக்கம், விடை அளவு முன்பக்கம், நான் சுண்ணாம்பில் போடும் கட்டங்களை எண்ணிப் போய் நிற்க வேண்டும். எல்லோரும் சரியாக நின்றால் நேர்கோடு வரும்.

தமிழ்வழி வகுப்பில் ஆறே பிள்ளைகள். பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு அட்டைகள். அன்று ஒருத்திக்குக் காய்ச்சல், ஐந்து என்று எழுதிய அட்டை மிஞ்சியது.

"ஆறுமுகண்ணா, நீங்க நில்லுங்க."

"கூட்டம்னாலே எனக்குக் கால் நடுங்குமுங்க, டீச்சர்."

"புள்ளி பேச வேண்டியதில்லை. நின்னாப் போதும்."

ஐந்தை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் பதினொன்று. டீச்சர் கட்டங்களை நோட்டில் வரைந்து பார்த்திருந்தார். பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக்கும் கஞ்சிப்புரை நோட்டில் இல்லை. மைதானத்தில் இருந்தது. பதினொன்றாம் கட்டத்தில் நான் அதற்குள், சோற்றுக் குண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். யார் கண்ணிலும் படமாட்டேன் என்று மனசுக்குள் சந்தோஷம்.

"ஏனுங்க, இங்க என்ன பண்றீங்க?" சமையல்கார ருக்குமணி அக்கா கரண்டியோடு திரும்பினார்.

"புள்ளிங்கக்கா."

"புள்ளியாவே இருங்க. சாம்பார்ல உழுந்தராதீங்க."

அதிகாரிக்கு நடுவுக்குப் பின்பக்கம் நாற்காலி போட்டிருந்தது. அவர் வந்து எண்ணிப் பார்த்தார். "அஞ்சு எங்கே?"

"கஞ்சிப்புரையில இருக்குதுங்க, சார்" என்றார் டீச்சர்.

"கோடு சாப்பிடப் போயிருச்சா?"

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. அக்கா வாசலுக்கு வந்தார். "நாற்காலிப் பக்கம் பூராச் சும்மாத்தான கெடக்குது, டீச்சர். அந்தப் பக்கம் கணக்கு வராதுங்களா?"

டீச்சர் விறுவிறுவென்று கஞ்சிப்புரைக்குள் வந்தார். என் அட்டையைத் திருப்பி, அடுப்புக் கரியால் மைனஸ் ஒன்று என்று எழுதினார். இரண்டால் பெருக்கினால் மைனஸ் இரண்டு, ஒன்றைக் கூட்டினால் மைனஸ் ஒன்று. "நடுவுல இருந்து இடப்பக்கம் ஒரு கட்டம், பின்னால ஒரு கட்டம் போங்கண்ணா."

அது அதிகாரியின் நாற்காலிக்கு நேர் முன்னால் இருந்தது. போய் நின்றேன். கயிற்றை இழுத்துப் பிடித்தோம். எங்கும் வளையாமல் ஆறு பேரையும் தொட்டுக்கொண்டு போனது.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

புள்ளி பேச வேண்டியதில்லையே என்று அட்டையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

"வாயால சொல்லுங்க."

"மைனஸ் ஒண்ணுங்க, சார்."

மைதானமே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். கால் நடுங்கவில்லை என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

எந்த எண்ணை எடுத்தாலும் அதே கோடுதான் வரும். அதனால் முதலில் மைதானத்தைப் பாருங்கள், பிறகு எண்ணை எடுங்கள். கோட்டுக்கு இரண்டு ஆப்பு போதும். மூன்றாவது, சரிபார்க்க.

ஆனி மாதம், இரண்டாம் ஞாயிறு. மழை. கோடு போட முடியாததால் எழுதினேன்.