கடல் இல்லாத ஊரில் கருவாட்டு விளம்பரம்

மல்காஜ்கிரியில் ஞாயிறு காலை மீன்காரர் பைக்கில் வருவார். பின்னால் ஒரு நீல டிரம், அதில் தண்ணீர், தண்ணீருக்குள் உயிரோடு கொர்ரமீன். நம் ஊர் விரால்தான். எங்கள் அப்பார்ட்மென்ட் பெண்கள் சுற்றி நின்று, எது நன்றாகத் துள்ளுகிறதோ அதைக் கைகாட்டி வாங்குவார்கள். கடற்கரையில் பிறந்த எனக்கு இது இன்றுவரை விநோதம். எங்கள் ஊரில் மீன் கரைக்கு வரும்போதே செத்துத்தான் வரும். செவுளைத் தூக்கிப் பார்ப்போம், சிவப்பாக இருந்தால் கூடையில் போடுவோம். வந்த புதிதில் இதைக் கீழ்வீட்டு அம்மாளிடம் சொன்னபோது, செத்துப்போன மீனையா தின்பீர்கள் என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இப்படிப்பட்ட ஊரில்தான் நான், செத்து, உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்த மீனை விற்கக் கிளம்பினேன். அதுவும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் காசு கொடுத்து விளம்பரம் போட்டு.

என் பெயர் ஸ்டெல்லா. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் எனக்கு. கணவருக்கு இங்கே மத்திய அரசின் மின்னணு ஆலை ஒன்றில் வேலை. ஆலையைச் சுற்றி வளர்ந்த ஏ.எஸ்.ராவ் நகரில் வாடகை கையைக் கடிக்கிறது என்று மல்காஜ்கிரியில் வீடு பிடித்தோம். வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மகள் இங்கேதான் பிறந்தாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள், கோபம் வந்தால், வேண்டாம் என்பதற்கு "நக்கோ மம்மி" என்று உருதுவுக்குப் போய்விடுவாள். எனக்கோ இத்தனை வருடத்தில் கடைத்தெரு இந்தி வந்திருக்கிறது. தெலுங்கு பாதிதான் காதில் ஏறும். ஊரிலிருந்து பேசும் தோழிகள், நீ இப்போது பெரிய பிசினஸ்காரியாமே, விளம்பரத்துக்குக் காசு போட்டால் நிஜமாகவே வியாபாரம் ஆகுமா என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

கருவாடு என் யோசனை இல்லை, என் தம்பி ரூபனுடையது. அவன் விசைப்படகு வேலையை விட்டபோது எல்லோரையும் போல வளைகுடாவுக்குப் போவதாகத்தான் இருந்தான். அங்கே ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில் வேலை, விசாவுக்கு ஏஜெண்ட் தயார். பாஸ்போர்ட்டையும் அவரிடம் கொடுத்திருந்தான். அம்மாவோடு வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவன். நான் ஹைதராபாத், அண்ணன் சென்னை, இவனும் போய்விட்டால் அம்மா நான்கு சுவரோடு பேச வேண்டியதுதான். ஒரு வருடம் பொறு, நீ காயவை, நான் விற்கிறேன் என்று சொன்னது நான்தான். அவனும் நம்பி, மணலில் போடாமல் உயரமாகக் கம்பு நட்டு வலை விரித்து, நெத்திலியும் வாளையும் சீலாவும் சுத்தமாகக் காயவைத்து அனுப்பினான். நான் விற்றால் அவன் ஊரில், விற்காவிட்டால் விமானத்தில். இதுதான் கணக்கு.

முதலில் மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வருகிற குடும்பங்களிடம் விற்றேன். அடித்துப் பிடித்து வாங்கினார்கள். ஆனால் கருவாடு பால் பாக்கெட் இல்லையே, தினமும் வாங்க. ஒரு பாக்கெட் போன வீட்டில் அடுத்த பாக்கெட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடுத்த கட்டம் விளம்பரம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீஸ் வைத்திருந்த பிரணீத் என்ற பையனிடம் போனேன். கெட்டிக்காரன்தான். கருவாட்டை மட்டும் அவன் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

"டார்கெட் ஆடியன்ஸ் கௌன் மேடம்?" என்றான்.

"தமிழ் லோக்" என்றேன். தமிழ் ஆட்களைத் தவிர வேறு யார் வாங்கப்போகிறார்கள் என்று எனக்கு நினைப்பு.

அவன் தலையாட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினான். ஆவணி மாதம் முழுக்க விளம்பரம் ஓடியது. பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில், வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில். படத்துக்குக் கீழே வந்த கருத்துகளைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒரு மாமி, காலை வேளையில் இந்த மாதிரிப் படமெல்லாம் போட வேண்டாமே என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார். இன்னொருவர் ராம ராமா என்று மட்டும் எழுதியிருந்தார். கோப முகங்கள் வரிசையாக இருந்தன. ஓடிப்போய் விசாரித்தால், தமிழர்களைப் பிடிக்கப் பிரணீத் தேர்ந்தெடுத்திருந்தவை ஃபில்டர் காபி, கர்நாடக சங்கீதம், கோயில் சுற்றுலா, பட்டுப்புடவை. ஹைதராபாத்தில் உள்ள சைவத் தமிழர்கள் ஒருவரையும் விடாமல் தேடிப்பிடித்து என் வாளைக் கருவாட்டை நீட்டியிருக்கிறான். அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "எங்கேஜ்மென்ட் அச்சா ஹை மேடம்" என்றான். அத்தனை பேர் கோபப்பட்டதைத்தான் சொல்கிறான்.

சரி, பையனுக்குத் தமிழர்களைத் தெரியவில்லை, எனக்குத் தெரியும் என்று அடுத்த சுற்றை என் கையில் எடுத்துக்கொண்டேன். புரட்டாசி பிறந்ததும் விளம்பரத்தை நிறுத்தச் சொன்னேன். தசரா சீசன் மேடம், ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டான். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்களுக்குப் புரட்டாசி கிடையாது. ஆனாலும் எங்கள் ஊர் அடுப்பு எரிவது புரட்டாசியைப் பொறுத்துத்தான். உள்ளூர் வியாபாரிகள் கை கழுவிவிடுவார்கள், மீன் ஏலக்கூடத்தில் ஈயாடும், அப்பா இருந்தவரை வலையைப் பிரித்துப்போட்டுச் சும்மா பொத்தல் பார்த்துக்கொண்டிருப்பார். புரட்டாசியில் மீன் விற்கக்கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலோடு குடித்த பாடம் அது. அதனால் மாதம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, தீபாவளி முடிந்த மறுநாள், டியூஷன் எடுத்துச் சேர்த்ததையெல்லாம் கொட்டி விளம்பரத்தை ஊர் முழுக்கப் பறக்கவிட்டேன். இந்த முறை தமிழ், தெலுங்கு என்று பார்க்கவில்லை, எல்லோருக்கும்.

ஒரு ஆர்டர்கூட வரவில்லை. பிரணீத்தின் தமிழ்க் கூட்டமாவது கோபப்பட்டது. இந்தக் கூட்டம் அதையும் செய்யவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று மகளை விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்காமல் போட்டுவிட்டேன் என்று கணவர் சொல்லாமல் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் நெத்திலி மூட்டை அப்படியே கிடந்தது. அந்த வாரம்தான் ரூபன் கூப்பிட்டான்.

"யக்கா, ஏஜெண்டு கேக்குதான். கிறிஸ்மஸுக்கு முன்ன முடிவு சொல்லணுமாம். நான் என்னன்னு சொல்ல?"

கொஞ்சம் பொறுடா என்றேன். பொறுத்துத்தானே இருக்கேன் என்றான், கோபமே இல்லாமல். அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்றைக்குச் சமையல் ஓடவில்லை, மகளுக்கு நூடுல்ஸ்தான்.

மறுநாள் விளம்பரத்தின் கீழே தெலுங்கில் ஒரே ஒரு வரி விழுந்திருந்தது, ஒரு போன் நம்பரோடு. எழுதியிருந்தவர் பெயர் நரசம்மா. திட்டியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு மனுஷியாவது பேசுகிறாரே என்று உடனே கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, கருவாடு வேண்டுமா என்று இந்தியில் கேட்டேன்.

"இப்புடு வத்தம்மா. போலி பாட்யமி அய்யாக பம்பிஞ்சண்டி" என்றார்.

வத்து என்றால் வேண்டாம். அதற்குமேல் எனக்கு ஏறவில்லை. பரவாயில்லை அம்மா, நன்றி என்று வைத்துவிட்டேன். பக்கத்திலிருந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மம்மி, ஷீ இஸ் ஆர்டரிங். கார்த்தீக மாசம் முடிஞ்சதும் அனுப்பச் சொல்றாங்க" என்றாள். அவள் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசியதே எனக்குப் புதிதாக இருந்தது.

கார்த்திகையா, அது பிறக்கவே இல்லையே, இது ஐப்பசிதானே என்று காலண்டரைக் காட்டினேன். அது ஊரிலிருந்து வந்த தமிழ்க் காலண்டர். இங்குள்ளவர்கள் சந்திரனைப் பார்த்து மாதம் எண்ணுகிறார்கள். தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் இவர்களுக்குக் கார்த்தீகம் பிறந்துவிடும். அடுத்த அமாவாசை வரை வீட்டுக்கு வீடு விளக்கு, சிவன் கோயில், விரதம். எத்தனையோ வீடுகளில் மாதம் முழுக்க மீனும் கறியும் வாசற்படி ஏறாது. அமாவாசைக்கு மறுநாள் போலி பாட்யமி, அதோடு சரி. ஆக, சரியாக அவர்கள் விரதம் தொடங்கிய நாளில் நான் ஊர் முழுக்கக் கருவாட்டைக் காட்டியிருக்கிறேன். இதைவிடக் கொடுமை, நான் பெருமையாக மூடிவைத்திருந்த புரட்டாசி. நமக்கு ஆயுத பூசைக்குப் பொரிகடலை. இவர்களுக்குத் தசராவுக்கு ஆட்டுக்கறி. வருடத்திலேயே இந்த ஊர் அதிகம் கவிச்சி தின்கிற நாட்களில் கடையைச் சாத்திவிட்டு, தின்னாத நாட்களில் திறந்திருக்கிறேன். பத்து வருடம் இங்கே குடியிருந்தும் என் வயிறு தூத்துக்குடிக் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மகளை விட்டு நரசம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு முகவரி வாங்கி, போலி பாட்யமிக்கு மறுநாள் பாக்கெட்டுகளை நானே எடுத்துக்கொண்டு நாச்சாரத்துக்குப் போனேன். நரசம்மாவின் கணவருக்கு அங்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் ஸ்ரீகாகுளம் பக்கம், கடலோரம். பாக்கெட்டைப் பிரித்து நெத்திலியை உள்ளங்கையில் கொட்டி உதறிப் பார்த்தார். ஒரு மணல்கூட விழவில்லை. இன்னொரு கை அள்ளி முகர்ந்தார். பிறகு, இந்த ஊரில் கிடைப்பதையெல்லாம் கழுவிக் கழுவியே தன் ஆயுசு போனது என்றும், இதைக் கத்தரிக்காயோடு போட்டால் தன் அம்மா கை ருசி வரும் என்றும் சொன்னார். எங்கள் வீட்டிலும் கத்தரிக்காய்தான் என்றேன். இந்தியும் தெலுங்கும் கையசைப்புமாக நன்றாகவே பேசினோம். இங்கே ஏரிக்கு சாகர், அதாவது கடல் என்று பெயர் வைத்துவிட்டு அதைப் போய்ப் பார்க்கச் சொல்கிறார்களே என்று அவர் அலுத்துக்கொண்டபோது, நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்தாள். அவளுக்கும் கடலோரம்தான். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படி என்று பிறகு தெரிந்தது.

அடுத்த விளம்பரத்தில் முன்பு போட்ட படகும் இல்லை, சூரிய உதயமும் இல்லை. நரசம்மாவின் சட்டியில் கொதித்த கத்தரிக்காய்க் குழம்பின் படம், அதற்குக் கீழே மணல் கிடையாது என்று அவர் சொல்லித்தந்த தெலுங்கு வரி, அவ்வளவுதான். நாச்சாரத்தைச் சுற்றிச் சின்ன வட்டம், சின்னத் தொகை. ஆர்டர் வெள்ளமாக வந்தது என்று சொன்னால் கர்த்தர் கோபிப்பார். தினம் ஒன்றிரண்டு வந்தது. ஆனால் வந்தவர்கள் திரும்ப வந்தார்கள், அத்தையையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கட்டிலுக்கு அடியில் இடம் காலியானது. ஆகவே தோழிகளே, என் பதில் இதுதான். உங்கள் சரக்கு யாருக்கு என்று உங்களுக்கே தெரியாத வரை விளம்பரக் காசு விழலுக்கு இறைத்த நீர். தெரிந்துவிட்டால் கொஞ்சம் காசே போதும், மிச்சத்தை வாய்களே பார்த்துக்கொள்ளும். தொல்லை என்னவென்றால், எனக்கு அது தெரிய வந்ததும் அந்த வீணாய்ப்போன விளம்பரத்தால்தான். அதனால் காசு போடாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ரூபனைக் கூப்பிட்டு, இருக்கிற நெத்திலியையெல்லாம் அனுப்பு, வாளையும் வேண்டும் என்றேன். மறுமுனையில் அம்மா என்னவோ கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம் வந்தது. பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடமிருந்து வாங்கிவிட்டாயா என்று கேட்டேன். நேற்றே வாங்கிவிட்டானாம்.

"நான் இருந்துட்டேன்லா. நீ எப்பம்க்கா வருவ?"

பொங்கல் லீவுக்குப் பார்ப்போம் என்றேன். அவன் கேட்டது லீவைப் பற்றி இல்லை என்று இருவருக்கும் தெரியும். நான் ஊருக்கே வந்துவிட்டால் நாச்சாரத்துக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது? அவன் அங்கே இருக்க வேண்டுமானால் நான் இங்கே இருந்தாக வேண்டும். அவனை நிறுத்திவைத்த அதே கயிறு என்னையும் கட்டிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பால்கனியில் உட்கார்ந்து பாக்கெட்டுகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டே போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு விளம்பரம் வந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் வீட்டு மனைகள். இந்த வித்தையெல்லாம் கரைத்துக் குடித்தவள், பார்த்ததும் தள்ளிவிட்டிருக்க வேண்டும். என் விரல் அழுத்திவிட்டது, நம்பரும் போய்விட்டது. ஐந்து நிமிடத்துக்குள் போன். நம் ஊர்ப் பேச்சு பேசுகிற ஒரு சின்னப் பெண்.

"மேடம், முதலீட்டுக்குப் பாக்கியளா, குடியிருக்கவா?"

கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தேன். அந்தப் பெண் ஹலோ ஹலோ என்றாள். கடல் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டேன்.

"நடந்து போற தூரந்தான் மேடம்" என்றாள்.