செக்கரம்மாவின் சந்தேகம்

சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை, அதனால் அவளுக்குச் செக்கரம்மா என்று பெயர். தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவள் மேசைக்குத்தான் வரும். டியூப்லைட்டுக்குக் கீழே ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் புரட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எல்லாம் சரியாக இருந்தால், இவ்வளவு சரியாக எப்படி இருக்கும் என்று இன்னொரு தரம் பார்ப்பாள். வலது கையில் எப்போதும் ஒரு குட்டி நூல்வெட்டி. எங்கே பிசிறு தெரிகிறதோ அங்கே நறுக். பதினாறு வருஷமாக அதே நறுக்.

கம்பெனியில் அந்தக் குணத்துக்குத்தான் சம்பளம். வீட்டில் அது ஒருத்தரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் லிஃப்ட் நின்றது என்று கேட்பாள். இரண்டு நாள் கழித்து அதையே மறுபடி கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். பாவம் மனிதர், எல்லாவற்றையும் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். கணவரின் தங்கை, கட்டிக்கொண்டவனோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்தவள். மூன்று வருஷமாகச் சமையல் அவள் பொறுப்பு. காலையில் அதை முடித்து, அண்ணிக்கு மதிய டப்பாவையும் கட்டிக் கொடுத்துவிட்டு, தபால் ஆபீஸ் கவுண்டருக்கு வேலைக்குப் போவாள். அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்கள் மேல் செக்கரம்மாவுக்கு எப்போதுமே ஒரு கண்.

இப்படி இருக்கும்போதுதான் செக்கரம்மாவுக்கு வாயில் புண் வந்தது. கன்னத்தின் உட்புறம் ஒன்று, ஈறோரம் இரண்டு. உப்புத் தண்ணீருக்கும் ஆறவில்லை, வைட்டமின் மாத்திரைக்கும் ஆறவில்லை, பல் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தில் வாய் கொப்பளித்தும் ஆறவில்லை. இரண்டு மாதம் போனது. ஒரு வாய் உள்ளே போனால் தீ வைத்தாற்போல எரிந்தது. அதே சாப்பாட்டைக் கணவரும் சாப்பிட்டார், நாத்தனாரும் சாப்பிட்டாள். அவர்களுக்கு எரியவில்லை. எனக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி வந்த பிறகு செக்கரம்மாவுக்குத் தூக்கம் ஏது?

அடுத்து நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளங்கள் கிளம்பின. பட்டாணி அளவு, உள்ளே தண்ணீர், மேலே தொட்டால் கிழிகிற மெல்லிய தோல். வேறு யாராக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். செக்கரம்மா குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, நூல்வெட்டியைச் சுடுதண்ணீரில் கழுவி, ஒவ்வொரு கொப்புளமாகக் கிள்ளித் தோலை ஓரம் வரை நறுக்கி எடுத்தாள். தொங்குகிற பிசிறை அப்படியே விடுவாளா அவள்? எட்டாத இடத்துக்குக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டாள். மேலே பவுடரைத் தூவி, ரவிக்கையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். தினமும் காலையில் இதே கூத்து.

அதனால் என்ன ஆயிற்றென்றால், அவள் பார்த்த டாக்டர்கள் ஒருவர் கண்ணிலும் ஒரு கொப்புளம்கூடப் படவில்லை. பட்டதெல்லாம் பச்சைப் புண்ணும் காய்ந்த பொருக்கும்தான். ஒருவர் சொறி என்றார், இன்னொருவர் கிருமி என்றார். தடவக் கொடுத்ததைத் தடவினாள். வாய்ப்புண்ணைப் பற்றி அவர்கள் கேட்கவும் இல்லை, இவள் சொல்லவும் இல்லை. வாய் வேறு, முதுகு வேறு என்றுதானே நினைப்போம்.

ஆனால் காரணம் மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாத்தனார் உப்பு டப்பாவைத் திறந்தால் எட்டிப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டில் கொஞ்சத்தைச் சின்ன பாட்டிலில் அடைத்து மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொன்னாள், அவர் சிரித்தார். தெருநாய்க்குப் போட்டுப் பார்த்தாள். நாய் தின்றுவிட்டு வாலை ஆட்டியது. நாய்க்குக் கல்லும் செரிக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள்.

"இதுல என்ன கலக்குற?"

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாத்தனார் எழுந்துபோய்க் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் ஒரு பையோடு வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. பெண்கள் விடுதியில் சேர்ந்துவிட்டதாக அண்ணனுக்கு மட்டும் போன் செய்தாள். மடியில் கனமில்லாதவள் எதற்கு ஓடுகிறாள் என்று செக்கரம்மா கணவரைக் கேட்டாள். அவர் அன்றைக்குத் துண்டுச்சீட்டு எதையும் எடுக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து செக்கரம்மாவே சமைத்தாள். தண்ணீரைக்கூட அவளே பிடித்து வைத்தாள். மூன்று வாரத்தில் கொப்புளம் இரண்டு மடங்கானது. இந்தக் கணக்கு அவளுக்கு இடித்தது. ஒப்புக்கொள்வாளா? சோப்பின் மேல் சந்தேகப்பட்டாள், சட்டைக்குப் போடும் கஞ்சியின் மேல் சந்தேகப்பட்டாள், எதிர் மேசைக்காரி கொடுத்த ஒரு வாய்த் தண்ணீரின் மேல்கூடச் சந்தேகப்பட்டாள். கடைசியில் ஒரு வெள்ளைச் சட்டையில் அவள் முழங்கையிலிருந்து ரத்தக்கறை பட்டது. சூப்பர்வைசர் அவளைத் தனியே கூப்பிட்டு, என்ன வியாதி என்று எழுதி வாங்கி வராமல் வேலைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டர் ஒரு பெண். முதுகைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே, "வாய்ல புண் இருக்கா?"

செக்கரம்மா திடுக்கிட்டாள். இது இவருக்கு யார் சொன்னது? நாத்தனார் முன்னாடியே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறாளா? வெளியே நின்ற கணவரைச் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் அதற்குள் ஒரு புண்ணுக்குப் பக்கத்தில், நன்றாக இருந்த தோலின் மேல் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தித் தள்ளினார். மேல்தோல் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. டாக்டரின் முகம் மாறியதைச் செக்கரம்மா கவனித்தாள். மாறிய முகத்தைக் கவனிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

கொப்புளம் எங்கே என்று டாக்டர் கேட்டார். வெட்டிவிட்டேன் என்றாள். எதைக் கொண்டு என்று கேட்டார். நூல்வெட்டியை எடுத்துக் காட்டினாள். டாக்டர் புதிதாக ஒன்று வந்தால் கை வைக்காமல் அன்றைக்கே, தவறினால் மறுநாளே வரவேண்டும் என்றார்.

அடுத்த நாள் மதியம் முன்கையில் ஒன்று கிளம்பியது. அதற்குள் ஆஸ்பத்திரியில் புறநோயாளி நேரம் முடிந்துவிட்டது. விடியும் வரை அதைத் தொடாமல் வைத்திருக்கவேண்டும். அதன் மேல் ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து பிளாஸ்திரி ஒட்டினாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைப் பார்த்தாள். பிள்ளை பெற்றவள்கூட அவ்வளவு பாதுகாத்திருக்கமாட்டாள். நூல்வெட்டியைக் கணவரிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னாள். எங்கே ஒளித்தார் என்பதையும் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்காகக் கொப்புளத்தின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கு, அதை அடுத்த நல்ல தோலிலிருந்து இன்னொன்று. மரத்துப்போக ஊசி போட்டு டாக்டர் இரண்டும் எடுத்தார். எதற்கு இரண்டு, ஒன்றை யாருக்கு விற்கப்போகிறீர்கள் என்று செக்கரம்மா கேட்டாள். முதல் துணுக்கு சாதாரண மருந்துத் தண்ணீரில் போகும், இரண்டாவதை அதில் போட்டால் கெட்டுவிடும், அதற்கு வேறு தண்ணீர் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அவர் கையுறையைக் கழற்றத் திரும்பியபோது, புது உதவியாளர் இரண்டாவது துணுக்கையும் முதல் பாட்டிலுக்கே கொண்டுபோனார். "அதுல இல்ல, அடுத்ததுல," என்று செக்கரம்மா போட்ட அதட்டலில் அவர் கை அப்படியே நின்றது. வாழ்நாள் முழுக்கப் பட்ட சந்தேகத்தில் உருப்படியான ஒன்று அதுதான்.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் அவளையும் கணவரையும் உட்காரவைத்துப் பேசினார். வியாதிக்குப் பெம்பிகஸ் என்று பெயர். தோலில் ஒரு செல்லை இன்னொரு செல்லோடு பிடித்து வைத்திருக்கும் பசையை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பகையாளி என்று நினைத்து அடிக்கிறது. பிடிப்பு விட்ட இடத்தில் தண்ணீர் கோத்துக் கொப்புளமாகிறது. வாயில் தொடங்குவதுதான் இதன் வழக்கம். அந்த இரண்டாவது துணுக்கில் மருந்து விட்டுப் பார்த்தபோது செல்களைச் சுற்றி வலை மாதிரி ஒளிர்ந்ததாம். அதைப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லையாம். யாருக்கும் தொற்றாது. ஆனால் விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து.

"சாப்பாட்டுல யாராவது ஏதாவது போட்டிருந்தா இது வருமா டாக்டர்?"

"யாரும் ஒண்ணும் போடலம்மா. வேலியே பயிரை மேயுற கதை இது. உங்க உடம்புக்கு உங்க மேலயே சந்தேகம்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். இனி செக்கரம்மா யாரைக் குற்றம் சொல்வது?

வார்டில் சேர்த்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை, அதன் அளவைப் பிறகு குறைக்க உதவும் இன்னொரு மாத்திரை, போதாவிட்டால் நரம்பு வழியே ஏற்ற ஒரு மருந்து. சர்க்கரை ஏறலாம், முகம் ஊதலாம், ஆனாலும் இஷ்டத்துக்கு நிறுத்தவே கூடாது என்று தினமும் சொன்னார்கள். மாத்திரைக்கு முன் வயிற்றில் ஏதாவது விழவேண்டும். வாயெல்லாம் புண், ஒன்றும் இறங்கவில்லை. பெண்கள் வார்டில் துணைக்கு ஆண் தங்கக்கூடாது. யாரைக் கூப்பிடுவது என்று கணவர் விழித்துக்கொண்டு நின்ற இரண்டாம் நாள், யாரும் கூப்பிடாமலே நாத்தனார் வந்தாள். தபால் ஆபீசில் லீவு போட்டிருந்தாள். கையில் டப்பா.

காரமில்லாமல் மசித்து, ஆறவைத்துக் கொண்டுவந்திருந்தாள். தட்டில் போட்டாள். அண்ணியிடம் நீட்டுமுன், வேறொரு கரண்டியால் அதிலிருந்து ஒரு வாய் எடுத்து, அண்ணியின் கண் முன்னாலேயே சாப்பிட்டு விழுங்கினாள். ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். பிறகு தட்டை நகர்த்தினாள்.

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் செக்கரம்மா முதலில் நினைத்தாள். மதியமும் அப்படியே செய்தாள். இரவும் அப்படியே. முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. கவுண்டரில் கடிதத்துக்கு முத்திரை குத்துகிற மாதிரி அதைச் செய்துகொண்டிருந்தாள்.

மூன்று வாரத்தில் புதுக் கொப்புளம் வருவது நின்றது. முதுகில் தோல் மூடியது. வாய்ப்புண் கடைசியாகத்தான் ஆறியது. செக்கரம்மா பூசணிக்காய் மாதிரி ஊதிய முகத்தோடு வீடு திரும்பினாள், நாத்தனாரும் வந்தாள். அந்த ஒரு வாயும் கூடவே வந்தது. இரண்டு மாதம், மூன்று வேளையும்; மதியச் சாப்பாட்டை வேலைக்குப் போகுமுன்பே ருசி பார்த்து வைத்துவிடுவாள். கணவர் பார்த்தும் பாராததுபோல் இருந்தார். செக்கரம்மாவுக்கோ அந்தக் கரண்டி மேலே எழும்பும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது. மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வரும், அப்படியே நின்றுவிடும். பதினாறு வருஷத்தில் அடுத்தவர் தப்பைத்தானே அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நாத்தனாரின் கையைப் பிடித்துவிட்டாள்.

"போதும் விடு. சாப்பாட்டுல ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்கல்ல."

"டாக்டர் சொன்னாங்க அண்ணி. நீங்க சொல்லலையே."

செக்கரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "நீ ஒண்ணும் போடல. நான்தான் உன் மேல அநியாயமா பழி போட்டேன்," என்றாள்.

நாத்தனார் கரண்டியைத் தட்டோரம் வைத்தாள். ஆறிவிடப்போகிறது, சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை தட்டு நேராக வந்தது. யாரும் ருசி பார்க்கவில்லை. செக்கரம்மா கரண்டியில் ஒரு வாய் எடுத்தாள். எடுத்த கை பாதியில் நின்றது. அவள் கண் தன்னையறியாமல் கரண்டிக்குள் பார்த்தது. ஒரு நொடிதான். நிமிர்ந்தபோது, நாத்தனார் அடுப்பருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.