முகம் பார்க்காத தம்பிக்கு ஒரு சாட்சி

சாராள் சவுக்கு மிலாறு பொறுக்கிக் கட்டி, செய்யூர்க் கடைத்தெருவில் அடுப்பெரிக்க விற்றுப் பிழைத்தவள். பேச்சில் கறார். பிடிக்காதவர் வீட்டு வாசலைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். தம்பி தாவீதின் வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

தாய் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தபோது, பிறந்த ஆபிரகாமைத் தூக்கி வளர்த்தவள் சாராள்தான். கல்யாணமாகி, பிள்ளை பிறக்காமல், புருஷனும் போன பிறகு அந்தக் கடைக்குட்டியே அவளுக்கு எல்லாம். ஒரு நாள் ஏதோ சில்லறைச் சண்டையில் தாவீது நடுத்தெருவில் நின்று, "மலடிக்கு இன்னா தெரியும் புள்ள அருமை" என்று சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

தாவீதுக்கும் மூத்தவன் ஏசுபாதத்துக்கும் இருந்த பகை வேறு. அவர்கள் அப்பா, சேரியில் முதன்முதலாகப் பட்டா வாங்கியவர். கழிவெளி என்ற உப்பங்கழி ஓரம் ஒரு சவுக்குத் தோப்பை வைத்துவிட்டுப் போனார். ஆனால் தோப்பைவிட அவருடைய கல்லறைக்குத்தான் பிள்ளைகள் அதிகம் அடித்துக்கொண்டார்கள். கல்லறைத் திருநாளுக்கு முன் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பது தலைமகன் உரிமை. ஏசுபாதம் அதை யாருக்கும் விட்டதில்லை. தாவீது பதிலுக்கு அண்ணன் வைத்ததைவிட உயரமான மெழுகுவத்தியாகப் பார்த்து நட்டு வைப்பான். ஆபிரகாமையோ மூத்தவன் தோப்புப் பக்கமே சேர்க்கவில்லை. "ஆத்தாவத் தின்னவனுக்குப் பங்கு கேக்குதா?" என்பான். ஆபிரகாம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவான். அவன் கோபப்பட்டுச் சாராள் பார்த்ததே இல்லை.

1954இல், திருநாளுக்கு முந்தைய சாயங்காலம், ஏசுபாதம் தோப்பில் வெட்டுப்பட்டுக் கிடந்தான். மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போன ஜனங்கள், அப்பாவின் கல்லறை புதுச் சுண்ணாம்பில் பளீரென்று நிற்பதைப் பார்த்து அழுதார்கள். சாகப் போகிற நாளிலும் தலைமகன் கடமையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறான் என்றார்கள்.

தாவீதைப் போலீஸ் பிடித்தது. அவன் கத்தியோடு தோப்பிலிருந்து ஓடியதைப் பார்த்ததாக ஆபிரகாம் சொல்லியிருந்தான். அண்ணனை முந்திக்கொள்ள அந்தச் சாயங்காலம் தானே போய்க் கல்லறைக்கு வெள்ளையடித்ததாகத் தாவீது சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. செத்தவன் செய்த காரியத்தையும் திருடிக்கொள்கிறான் என்று காறித் துப்பினார்கள்.

சாராள் மட்டும் துப்பவில்லை. அந்தச் சாயங்காலம் அவளும் கல்லறைத் தோட்டத்தில் புல் பிடுங்கப் போயிருந்தாள். கையெல்லாம் கிளிஞ்சல் சுண்ணாம்பாகத் தாவீது குனிந்து நிற்பதைக் கண்டதும், அவன் முகத்தில் விழிக்கக் கூடாதென்று பூவரச மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவன் வேலையை முடித்துக் கிளம்பும் வரை அங்கேயே நின்றாள். அவன் போவதற்கும், தோப்புப் பக்கமிருந்து கூக்குரல் வருவதற்கும் சரியாக இருந்தது.

தாவீது பிடிபட்ட பிறகு ஒரு ராத்திரி, ஆபிரகாமுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நெசமா நீ அவனப் பாத்தியாடா?"

அவன் தலை நிமிரவில்லை. "அவன்தானேக்கா உன்ன மலடின்னான்? போவட்டும், வுடு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சோற்றை அளைந்துகொண்டிருந்த அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தான் மரத்துக்குப் பின்னால் நின்ற கதையை அவனிடம் முழுவதுமாகச் சொன்னாள். கோர்ட்டிலும் சொல்லப் போவதாகச் சொன்னாள். மறுநாள் தாவீதின் வாசலை மிதித்து, தன்னை வக்கீலிடம் அழைத்துப் போகும்படி அவன் பெண்சாதி மார்கரெட்டிடம் சொன்னாள். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

விசாரணையன்று ஆபிரகாமும் அவளோடு அதே பஸ்ஸில்தான் செங்கல்பட்டுக்கு வந்தான். வழியில் அவனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தாள், தான் சாப்பிடவில்லை.

பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்காக இன்று எதற்கு வந்து பொய் சொல்கிறாய் என்று சர்க்கார் வக்கீல் மடக்கினார்.

"பேச்சு இல்லாததாலதான் சாமி மரத்துக்குப் பின்னால நின்னேன். பேசிகினு இருந்தா நானும் ஒரு கை சுண்ணாம்பு அடிச்சிட்டு வூட்டுக்குப் போயிருப்பேன்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அப்படியானால் உன் சின்னத் தம்பி யாரைப் பார்த்தான் என்று கேட்டார். சாராள் சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் யாரையும் பாக்கல. பாத்திருந்தா மொதல்ல எங்கிட்டதான் சொல்லியிருப்பான். அவன நான் வளத்தேன் சாமி."

பின்வரிசையில் ஆபிரகாம் எழுந்து நின்றான். ஓடவில்லை, வெட்டியது தான்தான் என்றான். தாவீதை விட்டுவிட்டார்கள். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

பெற்ற பிள்ளையாக இருந்தால் காட்டிக் கொடுத்திருப்பாளா என்று ஊரில் சிலர் கேட்டார்கள். சாராள் மிலாறு விற்றதில் மிச்சம் பிடித்து, மனுப் போட்டு, விட்ட நேரமெல்லாம் ஜெயிலுக்குப் போய்வந்தாள். பெற்றவர்கள்கூட அப்படிப் போனதாகச் செய்யூரில் யாரும் கண்டதில்லை.

அடுத்த திருநாளுக்கு முன் தாவீது சுண்ணாம்புப் பானையோடு அவள் வாசலில் வந்து நின்றான். அவள்தான் முதலில் வாய் திறந்தாள்: "சுண்ணாம்புல கஞ்சித் தண்ணி ஊத்துனியா? இல்லேன்னா மழையில கரைஞ்சிடும்."

அதற்கடுத்த முறை ஜெயிலில், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஆபிரகாம் கேட்டான்.

"அப்பாவுக்கு யாரு வெள்ளையடிச்சதுக்கா?"

"தாவீது."

கம்பியை நெருங்கி வந்து, "அண்ணாத்தைக்கு?" என்றான்.

"நான்தான். உன் பேரச் சொல்லி அடிச்சேன்."