நெல்லுச் சட்டை

வாய்க்கால் சேற்றை உடம்பில் பூசிக்கொண்டால் முதலில் நடுங்கும், அப்புறம் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், வெயில் ஏற ஏற ஓரத்திலிருந்து காய்ந்து தோலைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து யாராவது சிரிப்பு மூட்டினால் கன்னத்துச் சேறு வெடித்து, வெடித்த இடத்தில் காற்றுப் பட்டுச் சில்லென்றிருக்கும். தை மாதத்துச் சேற்றுக்கு மக்கிய வைக்கோலும் நத்தை ஓடும் கலந்த ஒரு வாசனை உண்டு. அதை நாற்றம் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சு வைத்துக்கொள்ள விருப்பமில்லை.

எங்கள் ஊர் திருக்கடையூருக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து மிச்சமிருந்தால் வந்து சேருகிற கடைமடை. எங்கள் தெருவில் ஒருவருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. எல்லோரும் ஒரே பண்ணையில் நட்டு, அறுத்து, அடித்துப் பிழைத்தவர்கள். எனக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்கு நாலு முடிந்திருந்தது. அவனுக்குக் கூப்பிடுகிற பெயர் குஞ்சு. நாலு வயதாகியும் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. அம்மா வேலைக்குப் போகும்போது அவனை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, "வாய்தான் தெறக்க மாட்டேங்குறான், கையிலயாவது எதையாச்சும் குடுத்து வெளையாட்டுக் காட்டுடி" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

நானும் கையில்தான் கொடுத்தேன். அம்மாவின் கிழிந்த சேலைத் துண்டால் அவன் கண்ணைக் கட்டிவிட்டு, உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைப்பேன். களிமண் உருண்டை, ஆற்று வண்டல், நத்தை, தவளைக் குஞ்சு, வேப்பம் பூ. தவளை என்றால் தோளைக் குலுக்குவான், வண்டல் என்றால் முகத்தில் தேய்த்துக்கொள்வான். பதரையும் நெல்லையும் கலந்து கொடுத்தால் விரலால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்துப் பதரை ஊதிவிட்டு நெல்லை மட்டும் வைத்துக்கொள்வான். பெரியவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க மாட்டார்கள். பிள்ளைகள் தொட்டுத்தான் படிக்கும் என்று இன்றைக்கு நடுவீட்டில் தட்டு நிறைய மணலும் பாசிப்பயறும் பரப்பி வைத்து விளையாட விடுகிறார்கள். எங்களுக்கு அதற்குப் பெயரும் தெரியாது, தட்டும் கிடையாது.

அந்த வருஷம் அறுப்புக்கு முன்னால் கூலித் தகராறு வந்தது. கோட்டையில் புதிய கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது, எங்கள் தெரு முனையில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது, கூடுதலாக நெல் அளந்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று ஆட்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். பண்ணையார் பேசவில்லை. போலீஸ் வேன் வந்தது. அதில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். உலை வைக்காத நாட்கள் எத்தனை என்று எனக்குச் சொல்லத் தெரியாது; கீரையையும் நண்டையும் தவிர வேறெதையும் வாயில் வைத்த நினைவில்லை. கடைசியில் ஏதோ ஒப்பந்தம் என்றார்கள். அறுப்புத் தொடங்கியது. ஆனால், முன்பெல்லாம் களத்தில் சிந்திய நெல்லைக் கூட்டி வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்களே, அதை மட்டும் பண்ணை அடியோடு நிறுத்திவிட்டது. வீட்டுக்குக் கிளம்பும்போது பெண்கள் ஒவ்வொருவராக நின்று முந்தானையை உதறிக் காட்டவேண்டும். ஒரு மணி நெல் விழுந்தாலும் மறுநாள் களத்துக்கு வரக்கூடாது என்பது உத்தரவு.

அந்தக் களத்தின் ஓரத்தில்தான் நான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தேன். சேறு பூசிக்கொண்ட குஞ்சு கால் தடுக்கிச் சிந்திய நெல்லில் விழுந்தான். எழுந்தபோது வயிறு, முதுகு, தொடை எல்லாம் நெல் பதிந்து, மஞ்சள் சட்டை போட்ட பையன்போல நின்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏய், நெல்லுச் சட்டைடா" என்றேன். பிறகு நானும் உருண்டேன். சேறு தண்ணியாக இருந்தால் நெல் வழிந்துவிடும், காய்ந்துவிட்டால் ஒட்டாது, தோசைமாவுப் பதத்தில் இருக்கும்போது உருளவேண்டும் என்று இரண்டே நாளில் எங்களுக்குப் பிடிபட்டது. நெல்லின் சுணை தோலில் குத்தி அரிக்கும். சொறியக்கூடாது, சொறிந்தால் சட்டை கிழியும். அந்த அரிப்பைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு வீடுவரை நடப்பதுதான் விளையாட்டின் பாதி.

முதல் நாள் எங்களை அலுமினியக் குண்டானுக்குள் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிய அம்மா, அடியில் தங்கியதைக் கையால் அள்ளிப் பார்த்தாள். இரண்டு கை நெல் இருந்தது. அதைச் சட்டியில் ஈரம் போக வறுத்துக் குத்தி அன்றைக்கு ராத்திரி கஞ்சி காய்ச்சினாள். மறுநாள் காலையில் என் தலையை வாரிவிட்டுக்கொண்டே, "இன்னைக்கும் நல்லா பொரளுங்க. யார்கிட்டயும் வாயத் தெறக்காத" என்றாள். அன்றோடு விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போயிற்று, ஆனால் அது எனக்குத்தான் தெரியும். குஞ்சுவுக்கு அது விளையாட்டாகவேதான் இருந்தது.

களத்தை மேற்பார்த்தவர் பண்ணையின் காரியக்காரர். குடையும் வெள்ளைத் துண்டுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பெண்களின் முந்தானையில் ஒட்டிய தூசியைக்கூடப் பார்க்கிற அவர் எங்களைப் பார்த்ததே இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் சேறும் சகதியுமாகத் திரிவதில் பார்க்க என்ன இருக்கிறது அவருக்கு. அந்தத் திமிரை நம்பித்தான் நாங்கள் ஆறேழு நாள் கஞ்சி குடித்தோம்.

அந்தச் சாயங்காலம் எல்லோரும் முந்தானை உதற வரிசையில் நின்றார்கள். நான் குஞ்சுவின் கையை விட்டுவிட்டு அம்மாவின் சும்மாட்டுத் துணியை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். நிமிர்ந்தபோது அவன் காரியக்காரரின் நாற்காலிக்கு எதிரே போய் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் விரித்து, வயிற்றை எக்கி, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். அவர் குடையைச் சாய்த்துப் பார்த்தார். அப்போது அவன், பிறந்து நாலு வருஷமாகப் பேசாத பிள்ளை, தெளிவாக, களத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "சட்ட" என்றான்.

அம்மாவின் முகத்தில் அந்த ஒரு நொடி வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அடுத்த நொடி அது போய்விட்டது.

காரியக்காரர் எழுந்தார். கிட்ட வரவில்லை. குடைக்காம்பால் குஞ்சுவின் முதுகைக் காட்டி, "இது யாரு புள்ள?" என்றார். அம்மா வரிசையிலிருந்து வெளியே வந்தாள்.

"எம் புள்ளதாங்க ஐயா. வெளையாட்டுப் புள்ளைங்க. தெரியாம பொரண்டுடுச்சுங்க."

"தெரியாமயா? ரெண்டும்ல பூசிக்கிட்டு நிக்கிது. நீ சொல்லிக்குடுத்திருந்தா நாளையிலேருந்து களத்துப் பக்கம் வராத. உன் புருசனும் உள்ள இருக்கான், தெரியும்ல? புள்ளைங்க தானா செஞ்சதுன்னா எந்தப் புள்ள ஆரம்பிச்சுது, சொல்லு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். களமே என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. விரலை நீட்டித் தம்பியைக் காட்டினேன்.

"அப்ப நீயே அடி" என்றார் காரியக்காரர் அம்மாவிடம். "முன்ன மாதிரி நான் ஆள வுட்டு அடிச்சா கொடியத் தூக்கிக்கிட்டு வந்துருவீங்க. உன் புள்ள, உன் கை. திருடுன கையில அடி, நான் பாக்கணும்."

அவர் எங்களைத் தொட்டு அடிக்கவும் மாட்டார், தொட்டால் அவருக்குத் தீட்டு. அம்மா கீழே கிடந்த வைக்கோல் பிரியை எடுத்து வாளித் தண்ணீரில் நனைத்து முறுக்கினாள். குஞ்சு இன்னும் கையை விரித்துக்கொண்டுதான் நின்றான். ஏதோ புதிதாகக் கையில் வைக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பான், கண்ணைக்கூட மூடிக்கொண்டான். எத்தனை அடி என்று எண்ணவில்லை. போதும் என்று காரியக்காரர் சொல்கிறவரைக்கும் அடித்தாள். பிறகு இருவரையும் அங்கேயே நிறுத்திச் சேற்றைக் கழுவி, நெல்லை முறத்தில் அரித்தெடுத்துக் கொட்டிவிட்டு, மறுநாள் காலையில் முதல் ஆளாகக் களத்துக்குப் போனாள். அறுப்பு முடிகிறவரை போனாள். அந்தக் கூலி நெல்லால் அப்பா வருகிறவரை நாங்கள் பட்டினி கிடக்கவில்லை.

அன்றைக்கு என் மேல் ஒரு அடி விழவில்லை. ராத்திரி அம்மா குஞ்சுவின் கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே என்னிடம், "நீதான்னு தெரியும்டி. உன்ன அடிச்சிருந்தா நீ வாய வுட்டு என்னையச் சொல்லிருப்ப. அவன் சொல்ல மாட்டான்" என்றாள். அவள் கணக்கு அதுதான். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு அன்றும் நாக்கு எழவில்லை, இன்றும் எழவில்லை.

அதற்கப்புறம் தம்பி ஒன்றரை வருஷம் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது மற்றப் பிள்ளைகளைப்போலத்தான் பேசினான். ஆனால் கண்ணைக் கட்டினால் அலறுவான். எதை நீட்டினாலும் வாங்காமல் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவான். பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் "அ" எழுதச் சொன்ன வாத்தியார், விரலை மடக்கிக்கொண்டு நின்ற அவனைப் பிடிவாதக்காரன் என்று வெளியே நிறுத்தினார். பலப்பம் கொடுத்திருந்தால் எழுதியிருப்பான். கொடுக்கவேண்டும் என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது? எனக்குத் தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை.

இப்போது அந்தக் களம் இல்லை. அறுவடை இயந்திரம் வயலிலேயே அடித்துக் கொட்டிவிடுகிறது, நெல் தார்ச்சாலையில் காய்கிறது, லாரிச் சக்கரம் அதன்மேல் ஏறிப் போகிறது, யாரும் யாருடைய முந்தானையையும் உதறச் சொல்வதில்லை. வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் சிமென்ட் பூசியாகிவிட்டது. காரியக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவும் போய்விட்டாள். தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து மயிலாடுதுறையில் வீடு கட்டியிருக்கிறான். சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுகிறான். கறிச்சோறு, பழைய சோறு எல்லாவற்றுக்கும் கரண்டி. "சிங்கப்பூரு போயி தொரையாயிட்டாரு" என்று அவன் பேரப்பிள்ளைகள்கூடக் கேலி செய்கிறார்கள். சிங்கப்பூருக்குப் போவதற்கு முன்னாலிருந்தே அவன் அப்படித்தான் என்று நான் சொல்வதில்லை.

போன பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்தபின் நாங்கள் இரண்டுபேர் மட்டும் உட்கார்ந்திருந்த வேளையில் சொல்லிவிட்டேன். நெல்லில் உருளச் சொல்லிக்கொடுத்தது நான்தான், உன் மேல் பழியைப் போட்டேன், உன் கை அடிவாங்கியது என்னால்தான் என்று, ஐம்பது வருஷத்துக்கும் மேல் நெஞ்சில் கிடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அவன் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா அடிச்சதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றான். "நீ விரல நீட்டுனதுதான் ஞாபகம் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.