‘வண்டி வருதா’வுக்குக் காவல் நின்ற மெஹருன்னிசா

மெஹருன்னிசா இறந்துவிட்டார் என்ற செய்தியை மெஹருன்னிசாவின் பெயரிலிருந்தே படித்தேன். ‘வண்டி வருதா’ என்ற எங்கள் இணைய மன்றத்தில், காலை பதினொரு மணிக்கு அவருடைய கணக்கிலிருந்து இரண்டு வரி வந்திருந்தது. “அம்மா இன்னைக்குக் காலைல மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்.” நான் நம்பவில்லை. இறந்தவர் எப்படி எழுதுவார்? கணக்கை எவனோ திருடிவிட்டான் என்று முடிவு கட்டி, அந்த அறிவிப்புக்குக் கீழேயே “ஆதாரம் என்ன?” என்று கேட்டேன்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. “நான் அவங்க மக ரிஸ்வானா. அம்மா போன்லருந்து போடுறேன். சந்தேகமா இருந்தா வந்து பாத்துக்கங்க.”

போனேன். வில்லாபுரத்தில் டவுன் பஸ் ஏறி, பழைய மதுரையில் அவர்கள் தெருமுனையில் அடுக்கடுக்காய்ப் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்குவதைப் பார்க்கும்வரை என் மனதில் சந்தேகம் இருந்தது. அஞ்சலிக் கட்டுரையை இப்படித் தொடங்குவது அழகில்லைதான். ஆனால் மன்றத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இதைவிட அழகாக என்னிடம் எதிர்பார்க்க மாட்டார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சோலைமலை. முப்பது வருடத்துக்கு மேல் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். பயணியையும் நம்பக் கூடாது, கண்டக்டரையும் நம்பக் கூடாது என்பதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. ஓய்வுக்குப் பிறகு சந்தேகப்பட ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தபோது இந்த மன்றம் கிடைத்தது. எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது வரவே இல்லை, எந்தத் தெருவில் பள்ளம் தோண்டியதால் எது சுற்றிப் போகிறது என்று மதுரைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடம் அது.

அதைத் தொடங்கியவர் மெஹருன்னிசா. மகள் ஒத்தக்கடைப் பக்கம் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில், பஸ் விவரம் தெரியாமல் தாயும் மகளும் பட்ட பாட்டில் பிறந்தது. மகள் படித்து முடித்து, கல்யாணமும் ஆன பிறகும் அவர் அதை விடவில்லை. தையல் சாமான் கடை வைத்திருந்தார். நூல்கண்டு, ஹூக்கு, ஜிப்பு, லைனிங் துணி. ஒரு கையால் துணி அளந்துகொண்டே இன்னொரு கையால் மன்றத்தில் கெட்ட வார்த்தைகளை நீக்குவார். மட்டறுத்துநர் என்று அந்த வேலைக்குப் பெயர். சம்பளம் கிடையாது.

அவர் வைத்திருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நீக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் ‘எடுத்தவை’ என்ற பக்கத்தில் ஒரு வரி எழுதுவார்: ஆளைத் திட்டியது, பொய்ச் செய்தி, விளம்பரம் என்று. நான் காலையில் நாளிதழுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் படிப்பேன். படித்துவிட்டு ஏன், எதற்கு, யார் சொல்லி என்று கேள்வி போடுவேன். அவர் சளைக்காமல் பதில் சொல்வார்.

ஆள் எப்படிப்பட்டவர் என்று வேவு பார்க்க ஒருநாள் கடைக்கே போனேன். கறுப்பு நூல் ஒன்று கேட்டேன். அவர் எடுத்து வைத்துவிட்டு, “நூலு மட்டும் போதுமாண்ணே, இல்ல கடையையும் செக் பண்ணணுமா?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்றேன். “மன்றத்துல உங்க போட்டோவ நீங்கதான போட்டுருக்கீங்க.” டீ வரவழைத்தார். பிறகு கேட்டார்: “அம்புட்டையும் உத்துப் பாக்குறீங்கல்ல, என்கூட நீங்களும் இந்த வேலைய எடுத்துக்கங்களேன். காலைல ஒரு மணி நேரம் பாத்தாப் போதும். நான் யாவாரத்தக் கவனிப்பேன்.”

என் வாயை அடைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். டீயை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவருக்குத் துணையாக இருந்தவர்கள் இல்லாமல் இல்லை. திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் ஒரு நர்ஸம்மா, மன்றத்தில் சண்டை மூளும்போதெல்லாம் யார் பக்கமும் பேச மாட்டார். “இப்ப ஒரு வண்டி கிளம்புது, உக்கார இடம் இருக்கு” என்று ஒரு செய்தி போடுவார். அடுத்து இன்னொருவர் இன்னொரு வண்டியைச் சொல்வார். பத்து வண்டி போவதற்குள் சண்டை மேலே ஏறிக் கண்ணுக்கு மறைந்துவிடும். “அந்தப் பிள்ள மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும்ணே. எனக்கு நன்றியெல்லாம் வேணாம்” என்று மெஹருன்னிசா சொல்லியிருக்கிறார். நான் அந்த நர்ஸம்மாவும் இவருடைய ஆள்தான் என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒருநாள், ‘எடுத்தவை’ பக்கத்தில் ஒரு வரி இப்படி இருந்தது: “ஒரு பதிவு நீக்கப்பட்டது. காரணம் சொல்ல இயலாது.”

எனக்கு அது போதுமே. இத்தனை வருடமும் ஒன்றுவிடாமல் காரணம் எழுதியவர் இதற்கு மட்டும் ஏன் எழுதவில்லை? யாரைக் காப்பாற்றுகிறார் என்று அன்று மாலையே ஊரறியக் கேட்டேன். பதில் இல்லை. மறுநாளும் கேட்டேன். என் பின்னால் கூட்டம் சேர்ந்தது. பஸ் முதலாளி எவரிடமோ காசு வாங்கிவிட்டார் என்று ஒருவர் எழுதினார். இந்த வேலையை ஒரு கடைக்காரம்மாவிடம் விட்டதே தப்பு என்று இன்னொருவர் எழுதினார். அவருடைய மதத்தை இழுத்தும் இரண்டு பேர் எழுதினார்கள். அதையெல்லாம் நான் எழுதவில்லை. எழுதியவர்களைத் தடுக்கவும் இல்லை. அவரை விலகச் சொல்லி வாக்கெடுப்பு வைத்தவன் நான்தான்.

அவர் ஒரு வாரம் ஒதுங்கினார். யார் வேண்டுமானாலும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டுப் போனார். வாக்களித்த ஒருவரும் வரவில்லை, நானும் சேர்த்துத்தான். மூன்றாம் நாள், மேலூர் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டான். ஒத்தக்கடையில் பரீட்சைக்குப் போகவேண்டிய பிள்ளைகள் நடையாய் நடந்தார்கள். வண்டிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தன. வாரம் முடிந்ததும் யாரும் அழைக்காமலே மெஹருன்னிசா திரும்பிவந்து குப்பையைக் கூட்டத் தொடங்கினார். தன் அருமை தெரியட்டும் என்று அவரே அந்தப் புரளியைக் கிளப்பியிருப்பாரோ என்றுகூட நான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு ஒருமுறைதான் நேரில் பார்த்தேன். கடைப் பக்கம் போனவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கோபம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. “சந்தேகப்படுங்கண்ணே, வேணாங்கல. ஆனா மொதல்ல என்கிட்டத் தனியாக் கேளுங்க. கூட்டத்துல வச்சுக் கேட்டா, வாயத் தொறந்தாலும் குத்தம், மூடுனாலும் குத்தம்னு நிக்கிறேன்.”

“தனியாகக் கேட்டால் தனியாக மழுப்பலாமே?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “சரிண்ணே, வாரேன்” என்று உள்ளே போய்விட்டார்.

அடக்கத்தில் நானும் மூன்று பிடி மண் போட்டேன். திரும்பும்போது வீட்டு வாசலில் நின்ற ரிஸ்வானா, “நீங்கதான் சோலைமலையா? உங்க பேரு அம்மா போன்ல அடிக்கடி வரும்” என்றார். நல்லவிதமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள், தளத்தின் இயந்திர வேலையை மட்டும் பார்த்துவந்த செல்வம் என்னை அழைத்தார். “அண்ணே, புகாரு நூத்துக்கணக்கில கெடக்கு. என்னால ஆகாது. எல்லாத்தையும் காட்டு காட்டுன்னு கேப்பீங்களே, உள்ள வந்தே பாத்துக்கங்க” என்று மட்டறுத்துநரின் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நீக்கப்பட்ட பதிவுகள் எல்லாம் அப்படியே இருந்தன. புகார்களைப் பார்க்கவில்லை நான். காரணம் சொல்லாத அந்த ஒன்றைத்தான் தேடினேன். இறந்தவரை இன்று பிடித்துவிடுவேன் என்ற நினைப்போடு திறந்தேன்.

அது என்னைப் பற்றிய பதிவு.

எழுதியவர் ஒரு பெண். பெண்களுக்கு இலவசப் பயணம் வராத காலத்தில், கைக்குழந்தையோடு போனபோது குழந்தை டிக்கெட்டை வாயில் போட்டு மென்றுவிட்டதாம். கண்டக்டர் “நான் கிழிச்சுக் குடுத்தேன் சார்” என்று சொல்லியும், இரண்டு பேரும் கூட்டு என்று சொல்லி, உச்சி வெயிலில் நடுவழியில் இறக்கிவிட்டேனாம். மன்றத்தில் என் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார். கீழே என் பெயர், வில்லாபுரத்தில் என் தெரு, கதவு எண், கைபேசி எண். “எல்லாரும் போய் இவரைக் கேளுங்கள்.”

எனக்கு அந்தப் பெண்ணை நினைவில்லை. அப்படி எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறேன்.

மெஹருன்னிசா அவருக்கு எழுதியிருந்தார்: “நடந்ததை எழுதுங்கள், அவர் பெயரோடு வைக்கிறேன். வீட்டை மட்டும் எழுதாதீர்கள். அங்கே காலில் ஆபரேஷன் முடிந்த ஒரு அம்மா படுத்திருக்கிறார்.” என் மனைவிக்கு அப்போதுதான் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அதை மன்றத்தில் சொன்னவன் நான்தான். முகவரி இருந்ததால் நீக்கினேன் என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால், யார் முகவரி என்று நானே குடைந்து, அந்தப் பெண்ணையும் தேடிப் பிடித்திருப்பேன். என்னை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். “ஊரு பூரா அந்தம்மாவ ஏச வச்சீங்களே. அந்தக் கைப்பிள்ளக்காரிகிட்டயாவது மன்னிப்புக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டு எழுதினேன். பதில் வந்தது. “அந்தக் குழந்தை இப்போது ஒன்பதாவது படிக்கிறான். உங்களை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு என் தம்பிகளோடு உங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தேன். மெஹர் அக்கா போன் பண்ணி, ஒரு மணி நேரம் பேசித் தடுத்தார்.”

அந்தப் பெண் எழுதிய பதிவை, வீட்டு விலாசத்தை மட்டும் எடுத்துவிட்டு, என் பெயரோடு மன்றத்தில் வைத்துவிட்டேன். ‘எடுத்தவை’ பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். கீழே வசவு வந்துகொண்டிருக்கிறது. வரட்டும், எனக்கு உரியதுதான்.

மெஹருன்னிசா, தங்கச்சி, போய் வாருங்கள். மூன்று நாளாக உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து இருநூறு செய்திகள் வந்திருக்கும். அத்தனையிலும் கேள்வி இருக்கிறது, புகார் இருக்கிறது, ஏச்சு இருக்கிறது. சாப்பிட்டீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் உங்களிடம் நான் எத்தனையோ கேள்வி கேட்டேன். அந்த ஒன்றை ஒருநாளும் கேட்கவில்லை.